நான் அளக்காத வரிசை

ரயிலே வராத மாவட்டத்துக்காரர்கள் ரயில் எஞ்சினுக்கு நிதி திரட்டினால் அதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசூருக்கு வருகிறதே என்றார். ஓசூருக்கு வருகிறது, சரி. கிருஷ்ணகிரிக்கு? மாவட்டத் தலைநகரத்துக்கே ரயில் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் மட்டும் வந்துவிட்டுப் போகும். அப்படிப்பட்ட மாவட்டத்தில், நகரக்கூட முடியாத ஒரு பழைய நீராவி எஞ்சினைச் சரிசெய்ய விழா. நான் கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். கிண்டல் செய்துகொண்டிருந்தால் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை என்பதுதான் காரணம். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடு ஒன்றில் இருக்கிறோம். அவர் ஒரு வண்டிக் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் ஸ்ப்ரே அடிக்கிறவர். நான் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்படங்களைச் சோதிக்கிறவள். உள்ளங்கையளவு மீட்டர் ஒன்று என் பிழைப்பு. இரும்பின் மேல் கொஞ்சம் பசையைத் தடவி அதன் முனையை வைத்தால், ஒலியை உள்ளே அனுப்பி, அது அடுத்த பக்கம் மோதித் திரும்பும் நேரத்தை வைத்து இரும்பு எவ்வளவு கனம் என்று சொல்லிவிடும். அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. பதினான்கு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

எஞ்சின் நின்றது ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், வேலையை நிறுத்திவிட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பின் முற்றத்தில். அந்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளியைத்தான் எல்லாரும் சார் என்பார்கள். ஏதோ ஒரு மூடிய ஆலையின் பின்பக்கம் முட்புதரில் கிடந்த சின்ன எஞ்சினை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். அந்தக் காலத்தில் ஓசூர் வரைக்கும் ஓடிய சின்ன ரயிலை இழுத்தது இதுதான் என்பார். ஆதாரம் கேட்டால் எஞ்சினைத் தட்டிக் காட்டுவார். அவரைச் சுற்றிப் பதினைந்து பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் சிப்காட் ஆட்கள், மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வரும் பெங்களூர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் முதல் நாளிலிருந்தே அங்கேயே பழியாகக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துவரக்கூட வீட்டில் ஆளில்லை.

ஒருநாள், என் சம்சாரத்திடம் மீட்டர் இருக்கிறது என்று அங்கே வாய்விட்டுவிட்டார். பாய்லர் தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று சார் எனக்கே போன் செய்தார். பாய்லர் என் வேலையில்லை, நான் வார்ப்படம் பார்க்கிறவள் என்றேன். இரும்பு இரும்புதானே அம்மா என்றார். கம்பெனியில் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிஃப்ட். காலையில் போய் அளந்துவிட்டு, மதியம் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பதாகக் கணக்கு.

பாய்லர் மேல் சாக்பீஸால் கட்டம் போட்டேன். சாணுக்கு ஓர் இடம். ஒவ்வொரு இடத்திலும் வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பசை தடவி, மீட்டரை வைத்து, தாளில் எழுதினேன். பரவாயில்லாமல்தான் இருந்தது. இடது பக்கம் ஓர் இடத்தில் மட்டும் ஐந்தரை எம்.எம். காட்டியது. சுற்றியிருந்த இடமெல்லாம் அதைப்போல இரண்டு மடங்கு. நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அதைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். இதைச் சரிசெய்யாமல் நெருப்புப் போடக் கூடாது என்று தாளிலும் எழுதினேன்.

மிச்சமிருந்தது கீழ் வரிசை. பாய்லரின் அடிவயிறு. சக்கரங்களுக்கு நடுவே மல்லாக்கப் படுத்து நுழைய வேண்டும். கீழே பழைய எண்ணெய்ச் சேறு, முள், யாரோ போட்டுவிட்டுப்போன பீங்கான் துண்டு. பதினோரு இடம். மணியைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போகும், அதைவிட ஷிஃப்ட் இன்சார்ஜின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே, கீழ் வரிசையின் பதினோரு கட்டத்திலும், மேலே உள்ளபடியே என்பதற்குப் போடுவோமே, அந்த இரண்டு சின்னக் கோடுகளைப் போட்டேன். கையெழுத்தும் போட்டேன். ஃபவுண்டரியில் அந்தக் கோடு எங்களுக்குக் கை வந்த கோடு. ஒரே அச்சில் ஊற்றிய நூறு வார்ப்படம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் கோடு போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாய்லர் அச்சில் ஊற்றியதில்லை. தண்ணீரும் சகதியும் தங்குவது அடியில்தான் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். பஸ்ஸில் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு போய் அளந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு சிங்காரப்பேட்டையில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. அடுத்த ஞாயிறு ஓவர்டைம். அதற்கடுத்த ஞாயிறு ஒரு வேலையும் இல்லை, போகவும் இல்லை. குக்கர் விசிலடித்தால் அடுப்பங்கரைக்கு ஓடினேன். கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினேன். என்ன ஆச்சு உனக்கு என்று அவர் கேட்டபோதெல்லாம் தலைவலி என்றேன். ஒரு மாதத் தலைவலி.

விழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் அவர் நகக்கண்ணெல்லாம் பெயிண்ட்டோடு, தின்னர் வாசனையோடு வந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தில் அவரை நான் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. நாளைக்கு எஞ்சினுக்கு நெருப்புப் போடப்போகிறார்களாம். நகர்த்தப்போவதில்லை, விசில் அடிக்கிற அளவுக்கு மட்டும் நீராவி. விசில் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் நிதி கொடுக்க வேண்டும்; அதுதான் விழாவே. ஜோலார்பேட்டையிலிருந்து ஓய்வு பெற்ற ஃபயர்மேன் ஒருவர் வருகிறார். அவருக்குப் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போடும் வேலையை இவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

இடது பக்கம் நான் வட்டம் போட்ட இடம் என்ன ஆனது என்று கேட்டேன்.

“சார் வேற மீட்டர் வெச்சி பாத்துட்டாரு. எட்டு காட்டுது. மத்த எடமெல்லாம் நல்லாக்கீதுன்னு நீயே எழுதிக் குடுத்துக்கீறியே, அப்பறம் என்னா?”

நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் நாளைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தியைக் கருக்கிவிட்டு, இன்னொன்றைப் போட்டு அதையும் கருக்கினேன். காலையில் முதல் ஆளாகப் போய், யாரும் வருவதற்குள் அந்தப் பதினோரு இடத்தையும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

ஆறரை மணிக்கு நான் போனபோது முற்றத்தில் ஏற்கெனவே பத்துப் பேர் இருந்தார்கள். எஞ்சின் பளபளவென்று நின்றது. கரும்பச்சை, முன்பக்கம் சிவப்பு, ஓரமெல்லாம் மஞ்சள் கோடு. முகம் பார்த்துத் தலை வாரலாம். எங்கள் ஊர் ஆட்களுக்கு இயந்திரம் என்றால் ஆயுத பூஜைதான் ஞாபகம் வரும். பெயிண்ட் அடிக்காத இயந்திரத்தை நாலு பேர் பார்க்க வைப்பது வீட்டுக்கு வந்தவரை அழுக்குப் பாயில் உட்காரவைப்பது மாதிரி. பெங்களூர்க்காரர்கள் துரு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார்களாம். யார் கேட்டது? பள்ளம் மேடெல்லாம் பட்டி வைத்து நிரவி, தேய்த்து, மூன்று கோட்டு அடித்திருந்தார் என் வீட்டுக்காரர். மேலே சந்தனம், குங்குமம், முன்னால் வாழைக்கன்று, நகரப்போகாத நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம். நான் போட்ட கட்டம், வட்டம் எதுவும் இல்லை. குனிந்து அடியில் பார்த்தேன். அடிவயிற்றையும் விட்டுவைக்கவில்லை.

சார் எட்டு எம்.எம். என்று படித்தது எப்படி என்பது அந்த நிமிடமே புரிந்துவிட்டது. பட்டிக்குள்ளும் பெயிண்ட்டுக்குள்ளும் ஒலி மெதுவாகத்தான் போகும். தாமதமாகத் திரும்பினால் மீட்டர் பாவம் என்ன செய்யும், இரும்பு கனமாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். அவர் அளந்த எட்டில் இரண்டரை என் வீட்டுக்காரர் வைத்த பட்டி.

சாரிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பெங்களூரிலிருந்து கார்கள் கிளம்பிவிட்டன, பந்தல் போட்டாயிற்று, விசிலை நம்பித்தான் நோட்டீஸே அடித்திருக்கிறது, அரைப் பிரஷர்கூட ஏற்றப்போவதில்லை என்றார். எஞ்சினின் அடுப்புக்குள் விறகு அடுக்கி வைத்திருந்தது. ஃபயர்மேன் பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு என் வீட்டுக்காரர், கையில் கரி அள்ளும் மண்வெட்டி.

“மேடம், உங்க மீட்டரும் மீட்டருதான், எங்க மீட்டரும் மீட்டருதான். நான் எதை நம்பறது, சொல்லுங்க” என்றார் சார். அவர் கையில் பிளாஸ்டிக் கவருக்குள் என் தாள் இருந்தது. கீழ் வரிசையில் பதினோரு ஜோடிக் கோடுகள், அதற்குக் கீழே என் கையெழுத்து.

ஒரே வாக்கியம் போதும். சார், கீழ் வரிசையை நான் அளக்கவில்லை. அதைச் சொன்னால் அந்தத் தாள் செல்லாது, நெருப்பும் இல்லை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். வாயையும் திறந்துவிட்டேன். வந்தது வேறு.

“பெயிண்ட்டைச் சுரண்டச் சொல்லுங்க.”

என் வீட்டுக்காரர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். எங்கே என்று கேட்டார். இடது பக்கம், உத்தேசமாக ஓர் இடத்தை விரலால் காட்டி, கையகலம் போதும் என்றேன்.

“ஏம்மே, மூணு கோட்டு” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான் சொன்னார். பையிலிருந்து பட்டித் தகட்டை எடுத்து அவரே சுரண்டினார். பச்சை சுருண்டு சுருண்டு விழுந்தது, அதற்குக் கீழே பட்டி மாவாக உதிர்ந்தது, கடைசியில் இரும்பு தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் தூள். பசை தடவி மீட்டரை வைத்தேன். ஐந்தரை. சாரின் மீட்டரை வாங்கி அதையும் வைத்தேன். அதுவும் ஐந்தரை.

ஃபயர்மேன் எட்டிப் பார்த்தார். திரும்பிப் போய் அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட ஆரம்பித்தார். சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

விழா நிற்கவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்த ஒரு தெலுங்குக்காரரின் ஏர் கம்ப்ரெசரை இரண்டு பேர் போய்த் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விசில் குழாயில் அதன் ரப்பர் ஹோஸை மாட்டினார்கள். நீராவி இல்லாமல் வெறும் காற்றில் விசில் அடித்தது. சத்தம் எஞ்சினுக்குப் பாதி, லாரிக்குப் பாதி. ரோட்டில் போன லாரி ஒன்று பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஆனாலும் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. சென்னாகிதே, சென்னாகிதே, நன்றாக இருக்கிறது என்று ஒரு கன்னடக்காரர் மூன்று தடவை பணம் கொடுத்து மூன்று தடவை இழுத்தார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இழுத்துவிட்டு, இது எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று விசாரித்தார். சிரித்தவர்களைப் பார்த்து முறைத்தார்.

நான் ஓரமாக நின்று, கிளம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் மைக்கைப் பிடித்தார். நடந்ததை மறைக்காமல் அப்படியே சொன்னார். அவர் நேர்மையான மனிதர். தான் செய்யவிருந்த தவறு, தப்பாகப் படித்த மீட்டர், எல்லாவற்றையும் சொன்னார். இந்த அம்மா இல்லையென்றால் இன்றைக்கு நாமெல்லாம் எங்கே இருந்திருப்போமோ என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார். முடியாது என்று தலையாட்டினேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். போனேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கழுத்தில் அந்த ஜரிகை அரித்தது. மேடையிலிருந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் தெரிந்தார். கம்ப்ரெசர் ஹோஸைப் பிடித்திருந்ததால் அவரால் கை தட்ட முடியவில்லை. சட்டையெல்லாம் பச்சைத் தூளோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. இறங்கிவந்து இரண்டு டம்ளர் மோர் குடித்தேன்.

சுரண்டின இடத்தைப் பார்த்துத்தான் பல பேர் நினைத்ததைவிடக் கூடக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சார் பிறகு சொன்னார். அந்தக் கையகல இரும்பை போட்டோ எடுத்து அடுத்த நோட்டீஸிலும் போட்டார்கள். பொன்னாடையை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண் தானாகப் போகும். இடம் மாற்றி வைத்தேன், அங்கேயும் போனது.

அடுத்த மாதம் இடது பக்கத் தகட்டை அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்தார்கள். அதன்பின் தண்ணீர்ச் சோதனை. பாய்லர் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பார்கள். நீராவி என்றால் ஓட்டை விழுந்த இடத்தில் வெடித்து ஆளையே தூக்கிப் போடும். தண்ணீர் சும்மா ஒழுகும், அவ்வளவுதான். அன்றும் எனக்கு இரண்டாவது ஷிஃப்ட். வரச்சொல்லி சார் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருக்கவும் முடியவில்லை, போய் நிற்கவும் முடியவில்லை. மீட்டரோடு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏன் மேடம் இப்படி நடக்கிறீர்கள், உட்காருங்கள் என்றார் சார்.

பம்ப்பை அடித்தது என் வீட்டுக்காரர். பிரஷர் முள் மெதுவாக ஏறியது. புதுத் தகட்டைச் சுற்றி ஈரமே இல்லை. சார் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அப்போது அடிவயிற்றில் பச்சைப் பெயிண்ட் ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி உப்பியது. நான்தான் முதலில் பார்த்தேன், ஏனென்றால் நான் வேறெங்கும் பார்க்கவே இல்லை. கொப்புளம் உடைந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் மாதிரி நிற்காமல் தண்ணீர். எஞ்சினின் அடுப்புக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி.

அவர் பம்ப்பை விட்டுவிட்டுக் கீழே படுத்து உள்ளே நுழைந்தார்.

“ஏம்மே, இங்க அளந்தியா நீ?”

“இல்ல. கோடு போட்டுட்டு பஸ்ஸு ஏறிட்டேன்” என்றேன்.

சாருக்கும் கேட்டது. அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து என் தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழ் வரிசையைப் பார்த்தார். மடித்துத் திரும்பக் கவருக்குள்ளேயே வைத்தார். ஏதாவது திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பம்ப்பின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்து முதுகுச் சேற்றை வழித்துப் போட்டார். சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் போதுமே, தன்னை எதற்குச் சுரண்டவைக்க வேண்டும் என்று கேட்டார். பயமாக இருந்தது என்றேன். தலையாட்டினார். பயம் அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அதோடு விடவில்லை.

“நான் சொரண்டுன எடத்துல நெசமாவே எட்டு காட்டியிருந்தா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. நிஜம் என்ன என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் மண்வெட்டியோடு நிற்க, ஃபயர்மேன் தீக்குச்சியைக் கிழிக்க, நான் அப்போதாவது சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இன்றுவரை அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று அவர் எதிரில் நின்றபோது, அப்படி நினைக்கிறேன் என்று சொல்லக்கூட முடியவில்லை.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்க் கீழ் வரிசை முழுக்கப் பெயிண்ட்டைச் சுரண்டினார். அவர் வெளியே வந்ததும் நான் மீட்டரையும் பசையையும் எடுத்துக்கொண்டு சக்கரங்களுக்கு நடுவே மல்லாக்கப் படுத்தேன். ஒழுகிய தண்ணீரில் சேறு இளகிப்போயிருந்தது. வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு கண்ணில் விழுந்தது. ஆறாவது இடத்தில் இருக்கும்போது கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டது என்று சார் குனிந்து சொன்னார். போகட்டும் என்றேன்.

நான் உள்ளிருந்து ஒவ்வொரு அளவாகச் சொல்ல, என் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்து புதுத் தாளில் எழுதினார். பதினோரு இடம். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.